புயல் நேர உதவிக்கு வாக்கி மட்டும் போதுமா?

கேள்வி: ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் இப்போதுதான் கிடைத்தது, கையில் 5 வாட் விஎச்எஃப் (பெரும்பாலும் குறுகிய தூரம் எட்டும் அலைவரிசை) வாக்கி-டாக்கி ஒன்றுதான் இருக்கிறது. புயல், வெள்ளம் வந்தால் தன்னார்வலராக உதவ இது போதுமா?

பதில் 1: ஊருக்குள் என்றால் போதும். ஆனால் ரிப்பீட்டரை (நம் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) மட்டும் நம்பாதீர்கள், மின்சாரம் போய் அதன் பேட்டரியும் தீர்ந்தால் அது நின்றுவிடும், அதனால் சிம்ப்ளெக்ஸில் (ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாக) யார் யாரை எட்ட முடிகிறது என்று இப்போதே சோதித்து வையுங்கள்.

பதில் 2: நடுவில் மலை இருந்தால் எச்எஃப் (சிற்றலை) தேவைப்படும். பகலில் 40 மீட்டர் அலைவரிசை, தாழ்வாகக் கட்டிய டைபோல் (கம்பி ஆன்டெனா). அலை நேராக மேலே போய் அயனி மண்டலத்தில் திரும்பி, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்கும். இரவில் 80 மீட்டர்.

பதில் 3: சரி, ஆனால் எனக்குக் கருவியை விட ஒழுங்குதான் பெரிது. நெட் கன்ட்ரோல் (யார் எப்போது பேசுவது என்று நடத்தும் நிலையம்) அழைத்த பிறகு பேசுங்கள், கண்ணால் பார்த்ததை மட்டும் இடம், நேரத்தோடு சொல்லுங்கள். அப்புறம், மின்னலுக்கு முன்பே ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிடுங்கள்.