புதுப்பிப்பு: தட்டை அவளே நிரப்பிக்கொள்ளட்டும்
போன மாதம் புலம்பியிருந்தேனே, பள்ளி உணவுக்கூடத்தில் என் 8 வயது மகள் தானே தட்டை நிரப்பிக்கொள்கிறாள், தினமும் இனிப்புதான், காய் பக்கம் திரும்புவதே இல்லை என்று, அதன் தொடர்ச்சி இது. பலர் சொன்னபடி, பள்ளியில் என்ன சாப்பிட்டாய் என்ற சாயங்கால விசாரணையை நிறுத்தினேன் (நாக்கைக் கடித்துக்கொண்டுதான்). என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு என்று உணவியல் நிபுணர் எலின் சாட்டர் பிரித்த முறைதான் இப்போது வீட்டில். வெளியே போனால் அந்த 'என்ன' கூட அவள் கைக்குப் போய்விடுகிறது, அதுதான் எனக்கு உறுத்தல். சரி, தடுத்தால் ஆசை கூடத்தான் செய்யும் என்று இனிப்பைப் பரிசாக்காமல் சாப்பாட்டோடேயே வைத்தேன். மூன்றாவது வாரம் அவள் பையில் காகிதத்தில் சுற்றிய, பாதி கடித்த கேரட். "சும்மா எடுத்துப் பார்த்தேன்மா, பரவாயில்லை." இனிப்பு? அது இன்னும் தினமும்தான்.