கீழாநெல்லியும் 30 எலிகளும்: எம்.ஃபார்ம் ஆய்வில் எந்தக் கேள்வியைக் கேட்பது?

மருந்தியல் மாணவி (செவ்வாய், இரவு 9:15)

வணக்கம். சென்னையில் எம்.ஃபார்ம் மருந்தியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கைடு கொடுத்திருக்கும் தலைப்பு இது: பாராசிட்டமால் கொடுத்துக் கெடுத்த எலியின் கல்லீரலைக் கீழாநெல்லியின் எத்தனால் சாறு காக்கிறதா? 5 குழு, குழுவுக்கு 6 விஸ்டார் எலி (ஆய்வகத்துக்கென்று வளர்க்கும் எலி இனம்), ஆக மொத்தம் 30. ஒரு வாரம் சாறு கொடுத்து, கடைசி நாளில் பாராசிட்டமால் கொடுத்து, மறுநாள் ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. (கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் நொதிகள்) பார்க்க வேண்டும். அப்புறம் கல்லீரலை எடுத்து ஸ்லைடு போட வேண்டும். ஒப்பிட சிலிமரின், கல்லீரலைக் காக்கக் கொடுக்கும் ஒரு தாவர மருந்து.

நூலகத்தில் பழைய தீசிஸ்களை இரண்டு நாள் உட்கார்ந்து புரட்டினேன். இலையின் பெயர் மாறுகிறது, முடிவு மாறவில்லை. எல்லா இலையும் கல்லீரலைக் காக்கிறது. காக்கவில்லை என்று எழுதிய ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. மனசுக்கு உறுத்தலாக இருக்கிறது. இதையே செய்யலாமா, தலைப்பை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

ஆலந்தூர் ஆய்வாளர் (செவ்வாய், இரவு 10:02)

மாற்றச் சொல்லுங்கள், தங்கச்சி. மருந்து உடம்புக்குள் போய் என்ன ஆகிறது என்று அளக்கும் வேலையில் 12 வருடம் இருக்கிறேன். இந்த வடிவமைப்பில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை யாரும் மாணவர்களுக்குச் சொல்வதில்லை.

பாராசிட்டமால் நேராகக் கல்லீரலைக் கெடுப்பதில்லை. கல்லீரலில் இருக்கும் சிப் 2ஈ1 போன்ற நொதிகள் அதில் ஒரு பகுதியை என்.ஏ.பி.க்யூ.ஐ. என்ற நச்சாக மாற்றுகின்றன. அளவு குறைவாக இருந்தால், செல்லுக்குள் நச்சை முறிக்கும் குளூட்டதயோன் அதைப் பிடித்து வெளியேற்றிவிடும். அளவு மீறும்போது குளூட்டதயோன் தீர்ந்துபோய் செல் சாகிறது. இப்போது யோசியுங்கள். ஒரு வாரம் முன்னதாகவே சாறு கொடுக்கிறீர்கள். அந்தச் சாறு சிப் 2ஈ1-ஐ அடைத்துவிட்டால் நச்சே உருவாகாது. எஸ்.ஜி.பி.டி. இறங்கும், ஸ்லைடு அழகாக இருக்கும், "காக்கிறது" என்று எழுதிவிடுவீர்கள். சாறு கல்லீரலுக்கு எதுவுமே செய்திருக்காது, பாராசிட்டமாலை நச்சாக மாறவிடாமல் தடுத்திருக்கும், அவ்வளவுதான்.

நிஜத்தில் வரும் நோயாளி மாத்திரையை விழுங்கிய பிறகு வருகிறார், முன்னால் வருவதில்லை. அவருக்கு மருத்துவமனையில் கொடுப்பது என்-அசிட்டைல் சிஸ்டீன். உங்கள் ஒப்பீட்டுக் குழுவில் அது இல்லை, சிலிமரின் இருக்கிறது. போதாக்குறைக்கு எலி பாராசிட்டமாலை நன்றாகத் தாங்கும் விலங்கு. சுண்டெலிதான் மனிதனுக்குக் கொஞ்சம் நெருக்கம்.

அளவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 400 மில்லிகிராம் கொடுப்பீர்கள், சரியா? எலி அளவை மனித அளவாக மாற்ற 6.2-ஆல் வகுப்பது வழக்கம். 60 கிலோ ஆளுக்குக் கிட்டத்தட்ட 3.9 கிராம் சாறு வருகிறது. 100 கிராம் காய்ந்த பொடியில் 10 கிராம் சாறு கிடைக்கிறது என்று வைத்தால், ஒரு நாளைக்கு 39 கிராம் காய்ந்த கீழாநெல்லி. யார் சாப்பிடுவார்கள்?

ஓய்வுபெற்ற பேராசிரியர், அண்ணா நகர் (செவ்வாய், இரவு 11:20)

தம்பி சொல்லும் வேதியியல் சரி. ஆனால் ஒரு மாணவியிடம் "மாற்று" என்று சொல்வது சுலபம். நான் 26 ஆண்டு கைடாக இருந்தவன். எம்.ஃபார்ம் ஆய்வுக்குக் கையில் கிடைப்பது ஒரு வருடத்துக்கும் குறைவு. அதில் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே மாதங்கள் போகும். எலிக்கும் கெமிக்கலுக்கும் பல மாணவர்கள் சொந்தக் காசு போடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் ஒரு பிள்ளை எலியைப் பயப்படாமல் பிடிக்க, சரியான அளவு கொடுக்க, ரத்தம் எடுக்க, புள்ளியியல் போடக் கற்றுக்கொள்கிறாள். அது சின்ன விஷயமா?

இலை ஆய்வே வீண் என்பதையும் நான் ஏற்கவில்லை. நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கிவைத்த நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1950களில் கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் அதை எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் தொற்று வந்து செத்தன. வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. அதிலிருந்துதான் 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. பின்னாலேயே வந்த வின்கிரிஸ்டின் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறது. அதுவும் இலைச்சாறும் எலியும்தான்.

ஆலந்தூர் ஆய்வாளர் (புதன், காலை 7:40)

ஐயா, நீங்கள் சொன்ன அந்த உதாரணமே என் பக்கம் பேசுகிறது. அவர்கள் எலி ஏன் செத்தது என்று கேட்டார்கள். நான் படித்த கல்லூரியில் சாறு கொடுத்த குழுவில் எலி செத்தால், வேறு எலியை வைத்து எண்ணிக்கையை 6 ஆக்கிவிடுவோம். தீசிஸில் ஒரு வரி வராது. அப்படி நானே இரண்டு எலியை மாற்றியிருக்கிறேன். அந்த இரண்டும் ஏன் செத்தன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது.

தாம்பரம் சித்த மருத்துவர் (புதன், காலை 9:05)

இரண்டு பேரும் ஒரு கேள்வியை விட்டுவிட்டீர்கள். எந்தக் கீழாநெல்லி? எந்த மருந்து?

நாங்கள் காமாலைக்குக் கொடுப்பது பச்சைச் செடியை வேரோடு அரைத்து மோரிலோ பாலிலோ கலந்து வெறும் வயிற்றில். நீங்கள் சாக்ஸ்லெட் என்ற சாறு இறக்கும் கண்ணாடிக் கருவியில் எத்தனால் ஊற்றி மணிக்கணக்காகக் கொதிக்கவைக்கிறீர்கள். எத்தனாலில் பிலாந்தின், ஹைப்போபிலாந்தின் போன்ற லிக்னான்கள் நன்றாக இறங்கும். தண்ணீரில் கோரிலாஜின், ஜெரானின் போன்ற துவர்ப்புப் பொருள்கள் இறங்கும். இரண்டும் வேறு வேறு மருந்து. முதலாவதை எலிக்குக் கொடுத்துவிட்டு, "பாரம்பரியப் பயன்பாடு நிரூபணமானது" என்று கடைசி அத்தியாயத்தில் எழுதுவதை எங்கள் துறையின் பெயரால் நான் ஏற்க முடியாது. நன்றாக வந்தாலும் அது எங்கள் மருந்து இல்லை, மோசமாக வந்தாலும் எங்கள் மருந்து இல்லை.

அப்புறம், நாட்டு மருந்துக் கடையில் "கீழாநெல்லி" என்று கேட்டு வாங்கிய காய்ந்த பொட்டலத்தில் அதே இனத்தைச் சேர்ந்த வேறு செடியான மேலாநெல்லி கலந்திருப்பதை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். சிவப்புத் தண்டுக் கீழாநெல்லியும் கலக்கும். காய்ந்து நொறுங்கிய பிறகு கண்ணால் பிரிக்க முடியாது. செடியைப் பூவும் காயுமாகப் பறித்து, அரும்பாக்கத்தில் இருக்கும் மத்திய சித்த ஆராய்ச்சி நிறுவனம் மாதிரி ஓர் இடத்தில் காட்டிச் சான்று வாங்கிய பிறகு அரைக்கட்டும்.

ஓய்வுபெற்ற பேராசிரியர், அண்ணா நகர் (புதன், காலை 11:30)

டாக்டர் சொன்னது முழுக்க நியாயம். செடிச் சான்று இல்லாத தீசிஸில் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

கீழாநெல்லி என்றதும் சென்னைக்காரர்கள் 1988-ஐ மறக்கக் கூடாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்குடன் சேர்ந்து, லான்செட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கிருமியைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் காணாமல் போனது. போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. நம் ஊர்ச் செடி, நம் ஊர் ஆய்வகம், உலகத்தின் பெரிய இதழ். இலை ஆய்வை ஒதுக்கியிருந்தால் இது நடந்திருக்குமா?

ஆலந்தூர் ஆய்வாளர் (புதன், மதியம் 1:10)

நடந்திருக்காது, ஐயா. அந்தக் கட்டுரையை நானும் மதிக்கிறேன். மனிதர்களில், போலி மருந்தோடு ஒப்பிட்டு, தோற்கக்கூடிய கேள்வியாகக் கேட்டார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லையே. நாள்பட்டுக் கிருமியைச் சுமப்பவர்களில் வருடத்துக்கு 100-ல் ஒருவர், இருவருக்குத்தான் அந்தப் புரதம் தானாக மறையும். ஒரே மாதத்தில் 59 சதவீதம் என்றால் உலகமே திரும்பிப் பார்த்தது. 1990-ல் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், வரவில்லை. வேறு நாடுகளிலும் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வும் 2011-ல் போலி மருந்தைவிட மேல் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது.

ஏன் வரவில்லை? செடி வேறா, பறித்த மண் வேறா, கிருமியின் வகை வேறா, சின்ன எண்ணிக்கையில் தற்செயலாக வந்ததா? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இதை விட்டுவிட்டு எலிக்குப் பாராசிட்டமால் கொடுத்து "காக்கிறது" என்று எழுதிக்கொண்டே போகிறோம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இதே சென்னையில் சேத்துப்பட்டு காசநோய் மையம் 1956-ல் தொடங்கியது. குடிசைப் பகுதி நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனையில்) வைத்தும், பாதிப் பேரை வீட்டிலேயே வைத்தும், ஐசோநயாசிட், பாஸ் என்ற இரண்டு காசநோய் மருந்துகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. நோயாளியோடு வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. காசநோய்க்குக் கட்டாயம் படுக்கை வேண்டும் என்ற எண்ணமே மாறியது. அதே மையத்தில் ஐசோநயாசிட்டைச் சிலர் உடம்பு வேகமாகவும் சிலர் உடம்பு மெதுவாகவும் செயலிழக்கச் செய்வதை அளந்தார்கள். வாரம் ஒரு முறை மட்டும் மருந்து கொடுத்தால் வேகமானவர்களுக்குப் பலன் குறைகிறது என்று கண்டார்கள். கேள்வி இந்த ஊர்த் தெருவிலிருந்து வந்தது.

ஓய்வுபெற்ற பேராசிரியர், அண்ணா நகர் (புதன், மாலை 4:45)

அந்த மையத்துக்குப் பின்னால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு என்று நான்கு பேர் நின்றார்கள். இந்தப் பெண்ணுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? ஒப்பிடுவதற்கும் ஓர் அளவு வேண்டும், தம்பி.

பெரம்பூர் மருந்துக்கடை (புதன், இரவு 10:50)

கடை அடைத்துவிட்டு எழுதுகிறேன். படிப்பு பி.ஃபார்ம்தான், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.

போன வருடம் ஒரு அம்மா வந்தார். மகனுக்குக் காசநோய் மருந்து ஆரம்பித்து ஒரு மாதம். பக்கத்து வீட்டில் யாரோ "அந்த மாத்திரை ஈரலைத் தின்றுவிடும்" என்று பயமுறுத்தியதால் தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றும் ஈரலைப் பாதிக்கலாம் என்பது உண்மை, அதனால் அந்தப் பயம் வெறும் பயம் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மருந்து எழுதிய டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். இங்கே ஆய்வாளர் எழுதியதைப் படித்தபோது அவர் நினைவுதான் வந்தது. சாறு நொதியை அடைத்து ஈரலைக் காப்பாற்றுகிறது என்றால், காசநோய் மாத்திரையின் அளவையும் அது கூட்டவோ குறைக்கவோ செய்யுமா? ஈரல் தப்பித்து, மருந்து வேலை செய்யாமல் போனால் அந்தப் பையன் என்ன ஆவான்? இதை யாராவது அளந்து சொல்லுங்கள். வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள்.

தாம்பரம் சித்த மருத்துவர் (வியாழன், காலை 8:20)

இந்தக் கேள்விக்கு எங்களுக்கும் பதில் வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலர் ஆங்கில மருந்தும் எடுக்கிறார்கள், கேட்டால்தான் சொல்கிறார்கள்.

ஓய்வுபெற்ற பேராசிரியர், அண்ணா நகர் (வியாழன், காலை 10:15)

பெரம்பூர் நண்பர் எழுதியதை மூன்று முறை படித்தேன். இலை ஆய்வை நிறுத்தச் சொல்வதை இப்போதும் நான் ஏற்கவில்லை. ஆனால் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்காமல் கல்லீரல் தப்பியது என்று எழுதக் கூடாது என்பதை ஏற்கிறேன். என் மாணவர்களின் தீசிஸ் எதிலும் அதை நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மாணவிக்கு: உங்கள் கல்லூரி அனாலிசிஸ் துறையில் எச்.பி.எல்.சி. (கலவையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து அளக்கும் கருவி) இருந்தால் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், பாராசிட்டமாலை அளப்பது கஷ்டமான வேலை இல்லை. தலைப்பை மாற்ற வேண்டாம், வடிவமைப்பை மாற்றுங்கள்.

மருந்தியல் மாணவி (சனி, இரவு 8:30)

எல்லோருக்கும் நன்றி. இந்த விவாதத்தை அச்சடித்து கைடிடம் கொடுத்தேன். முதலில் முகம் சுளித்தார், பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்.

முடிவானது இது. சாற்றைப் பாராசிட்டமாலுக்கு முன் கொடுக்கும் குழு அப்படியே இருக்கும், பின்னால் கொடுக்கும் குழு ஒன்று சேர்கிறது. என்-அசிட்டைல் சிஸ்டீன் குழு ஒன்றும் சேர்கிறது. 30 எலி 42 ஆகிறது, அதற்கு நெறிமுறைக் குழுவிடம் திருத்த விண்ணப்பம் போட வேண்டும். எல்லா எலிக்கும் பிளாஸ்மாவில் பாராசிட்டமால் அளவு பார்ப்பேன். எந்த எலி எந்தக் குழு என்று ஸ்லைடு படிப்பவருக்குத் தெரியாது. எலி செத்தால் எந்தக் குழு, எந்த நாள் என்று எழுதுவேன். காக்கவில்லை என்று வந்தாலும் அப்படியே எழுதலாம் என்று கைடு சொல்லிவிட்டார். அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

ஐசோநயாசிட் கேள்வியை இந்த ஒரு வருடத்தில் செய்ய முடியாது. இதை முடித்துவிட்டு பிஎச்.டி.க்கு அதை எடுத்துப்போகலாம் என்று நினைக்கிறேன். பெரம்பூர் அண்ணா, அந்த அம்மாவின் மகன் இப்போது எப்படி இருக்கிறார்?

பெரம்பூர் மருந்துக்கடை (சனி, இரவு 11:05)

ஆறு மாத மருந்தையும் முடித்துவிட்டான், அம்மா. நன்றாக இருக்கிறான். கீழாநெல்லியை எப்போது நிறுத்தினார்கள் என்று கேட்கவில்லை, கேட்டுச் சொல்கிறேன்.

தாம்பரம் சித்த மருத்துவர் (ஞாயிறு, காலை 6:50)

மழைக்குப் பிறகு செடி நன்றாக வரும். பூவும் காயுமாக இருக்கும்போது வேரோடு பறித்து வையுங்கள், மகளே. எத்தனால் சாற்றோடு பச்சைச் செடி அரைத்த விழுதுக்கும் ஒரு குழு வைக்க முடியுமா என்று கைடிடம் கேளுங்கள். அரைக்கும் முறையை நான் எழுதித் தருகிறேன்.