மார்பிள் தரையில் குழி: இழைக்கலாமா, விடலாமா?

கோட்டைவாசி:
எங்கள் தெரு நூலகம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். வேலூர்ப் பக்கம் பழைய கட்டடம் என்றால் கடப்பா கல், இல்லையென்றால் ரெட் ஆக்சைடு தரைதான் நினைவுக்கு வரும். இங்கே கூடம் முழுக்க வெள்ளை மார்பிள். வாசலிலிருந்து புத்தகம் பதியும் மேசை வரை தடம் விழுந்து தேய்ந்துவிட்டது. மேசை முன்னால் குழியே இருக்கிறது; துடைத்த தண்ணீர் அதில் தேங்குகிறது. இப்போது பணம் வந்திருக்கிறது. மெஷின் விட்டு மட்டமாக்கி, முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போடலாம் என்பது என் கட்சி.

நடைவண்டி:
வேண்டாம் சார். முதலில் குழியின் மேல் மட்டப்பலகையை வைத்து, அடியில் ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிப் பாருங்கள்.

கோட்டைவாசி:
பார்த்தேன். மூன்று நுழைந்தது, நாலாவது முட்டுகிறது.

நடைவண்டி:
அப்படியானால் சுமார் நாலரை மில்லி. அந்தக் குழி மறைய வேண்டுமானால் கூடம் மொத்தத்தையும் நாலரை மில்லி இறக்க வேண்டும். மார்பிள் கல் 20 மில்லி கனம் என்றே வைத்துக்கொண்டாலும் கிட்டத்தட்ட கால் பங்கு கல் சேறாகிச் சாக்கடையில் போகும். அந்தக் குழி எத்தனை தலைமுறை நின்று புத்தகம் வாங்கிய இடம்! அப்படியே இருக்கட்டும்.

கோட்டைவாசி:
தாத்தா காலடி என்று சொல்லிக்கொண்டு ஆசிட் கறையையும் காப்பாற்றப் போகிறீர்களா? பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிக் கழுவியதில் ஓரமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

சாணைக்கல்:
நான் பாலிஷ் வேலை செய்பவன். இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் சரி. மார்பிளும் சுண்ணாம்பு இனம்தான். ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும், எலுமிச்சைச் சாறே போதும். அது அழுக்கு இல்லை, கல்லே அரித்துப்போன இடம். சோப்பு போட்டால் போகாது, லேசாக இழைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் மட்டம் பார்க்காதீர்கள். குழியின் வளைவோடு வளைவாகக் கை மெஷினில் டைமண்ட் பேடு, அதாவது வைரத்தூள் பதித்த இழைப்பு வட்டு, போடலாம். எண் ஏற ஏற இழைப்பு நைசாகும். 200, அப்புறம் 400. அதோடு நிறுத்தினால் பளபளப்பு வராது, தரை நுங்கு மாதிரி மழமழவென்று இருக்கும். 3000 வரை போனால்தான் முகம் தெரியும். எண்ணெய்க் கறை இருந்தால் களிமண் பத்து போட்டு இழுக்கலாம். தாஜ்மகாலில் மஞ்சள் பாய்ந்த மார்பிளுக்கு முல்தானி மிட்டி பூசுவதும் இந்த வைத்தியம்தான்.

கோட்டைவாசி:
மழமழவென்று விட்டால், பணம் எங்கே போச்சு என்று ஊர் கேட்கும் அண்ணே.

சாணைக்கல்:
மழைநாளில் பெரியவர் ஒருவர் வழுக்கி விழுந்தால் அதைவிட அதிகமாகக் கேட்கும். இன்னொன்று, பாலாற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் மணல் நம் செருப்போடு வந்துவிடுகிறது. கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் மார்பிள் 3, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7; மணல் மார்பிளைக் கீறிவிடும். வாசலில் நல்ல நீளமாக நார் மிதியடி போடாமல் எந்தப் பாலிஷ் போட்டாலும் நிற்காது.

நடைவண்டி:
மிதியடிக்கு நானும் ஓட்டு. இழைப்பதை முதலில் ஒரே ஒரு கல்லில் பாருங்கள்.

கோட்டைவாசி:
சரி. அலமாரி ஓரம் ஒரு கல்லில் 400, பக்கத்துக் கல்லில் 3000. ஈரச் செருப்போடு நானே நடந்து பார்க்கிறேன்.

நடைவண்டி:
விழுந்தால் படம் போடுங்கள் சார்.