கொலாஜன் பவுடர் குடித்தவர்கள் வாங்க: தோல் இறுகியதா, என்ன மாற்றம் தெரிந்தது?

நொய்யல்கரை (வயது 53):
மாதவிடாய் நின்ற பிறகு முகம் மளமளவென்று மாறிவிட்டது. தாடைக்குக் கீழே தோல் தொய்ந்து தொங்குகிறது. தோல் டாக்டரிடம் கேட்டேன். "முதல் 5 வருஷத்திலேயே தோலை இறுக்கமா வைக்கிற கொலாஜன் புரதத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிடும்மா, எல்லாப் பெண்களுக்கும் நடக்கிறதுதான்" என்றார். அதைக் கேட்டதே ஆறுதலாக இருந்தது.

மகள் மீன் கொலாஜன் பவுடர் வாங்கித் தந்தாள். வெந்நீரில் கலக்கும்போது டம்ளர் ஓரத்தில் கட்டி கட்டியாக ஒட்டும், லேசாகக் கவிச்சையும் அடிக்கும். எலுமிச்சை பிழிந்தால் அது தெரியாது. சில மாதங்கள் விடாமல் குடித்தேன். கெண்டைக்காலில் வெள்ளை பூத்தாற்போல் இருந்த வறட்சி குறைந்தது. தாடைத் தொய்வு மட்டும் இருந்தபடியே இருக்கிறது. உங்களில் யாருக்காவது தொய்வு குறைந்ததா?

ஸ்ரீரங்கவாசி:
அக்கா, எங்கள் வீட்டில் சுத்த சைவம். கடையில் 'செடி கொலாஜன்' என்று ஒரு டப்பாவைக் காட்டினார்கள். பின்பக்கம் படித்தால் நெல்லிச் சாறு, மூங்கில் சாறு, அகத்தி இலைச் சாறு என்றுதான் இருந்தது. கொலாஜன் விலங்கு உடம்பில் மட்டுமே உண்டு. மாட்டுத் தோல், மீன் செதில் போன்றவற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். நம் உடம்பு கொலாஜன் செய்ய வைட்டமின் சி வேண்டும் என்பது உண்மை. அதற்கு நெல்லிக்காயே போதுமே, அத்தனை விலை எதற்கு? சைவக்காரர்கள் டப்பாவில் பழுப்பு முக்கோணமா, பச்சை வட்டமா என்று பார்த்து வாங்குங்கள்.

மடிப்பாக்கம் வாசகி:
என் அனுபவம் வேறு மாதிரி. தோல், முடி இரண்டுக்கும் சேர்த்து என்று விற்கும் கொலாஜன் பாக்கெட் எடுத்துக்கொண்டிருந்தேன். வழக்கமான தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். தரைமட்டத்தில், டி4 உச்சத்தில். தைராய்டு அதிகமாகச் சுரந்தால்தான் இப்படி வருமாம். வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள். டாக்டர் நிதானமாக என் கையை நீட்டச் சொல்லி விரல்களைப் பார்த்தார். நடுக்கம் இல்லை. படபடப்பு இல்லை, எடையும் இறங்கவில்லை. "முடிக்கு ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். பாக்கெட்டைப் படமெடுத்துக் காட்டினேன். அதில் பயோட்டின் என்ற வைட்டமின் ஏகத்துக்கும் இருந்தது.

அதை நிறுத்திவிட்டுச் சில நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். எல்லாம் சரியாக வந்தது. தைராய்டில் கோளாறே இல்லை, பயோட்டின்தான் பரிசோதனையைக் குழப்பியிருக்கிறது. மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் அளவையும் அது குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-லேயே எச்சரித்திருக்கிறது. ரத்தம் கொடுக்கப் போகும்போது இதைத் தயவுசெய்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பொருநைத் தம்பி:
நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். நொய்யல்கரை அக்கா கேட்டதற்கு வருகிறேன். குடிக்கிற கொலாஜன் நேரே கன்னத்தில் போய் ஒட்டாது. செரித்து, அமினோ அமிலமாகவும் குட்டிக் குட்டிப் பெப்டைடுகளாகவும் உடைந்துதான் ரத்தத்தில் சேரும். அந்தப் பெப்டைடுகள் தோல் செல்களைத் தூண்டும் என்பது கம்பெனிகளின் வாதம். 2023-ல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஈரப்பதமும் நெகிழ்வும் கூடியதாக வந்தது. 2025-ல் 23 ஆய்வுகளைப் பிரித்து அலசினார்கள். கம்பெனிப் பணம் வாங்காத ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. விற்பனை போனாலும் பரவாயில்லை என்று, கேட்பவர்களிடம் இதை நான் சொல்லிவிடுவேன்.

தொய்வுக்கு வெயிலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் 900 பேருக்கு மேல் வைத்து நாலரை வருஷம் பார்த்தார்கள், 2013-ல் முடிவு வந்தது. தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு. அங்கே பெரும்பாலும் வெள்ளைத் தோல், நமக்கும் அதே அளவு என்று சொல்ல முடியாது. ஆனால் வெயில் கொலாஜனை உடைப்பது எல்லோருக்கும் பொதுதான்.

அப்புறம், மீன் அலர்ஜி உள்ளவர்கள் மீன் கொலாஜன் பக்கமே போகாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எந்தப் புரதப் பவுடரும் வேண்டாம்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றி தம்பி. சன்ஸ்கிரீன் கழுத்துக்கும் பூசலாமா?

பொருநைத் தம்பி:
கழுத்து, காது எல்லாவற்றுக்கும் பூசுங்க அக்கா. ஸ்கூட்டர் ஓட்டுவீங்க என்றால் புறங்கையையும் விட்டுடாதீங்க.