20 நிமிடப் பாட்டும் 4 நிமிடப் பாட்டும்: ஒரே தராசில் மார்க் போடுவது எப்படி?

ஏழரை:

ப்ராக் ராக் (ப்ரோகிரசிவ் ராக்) பாடல்களுக்கு மார்க் போடும் பட்டியல். 12 பேர், 10 பாட்டு (அடைப்புக்குள் குழுவும் ஆண்டும்):

குளோஸ் டு தி எட்ஜ் (யெஸ், 1972)
சப்பர்ஸ் ரெடி (ஜெனசிஸ், 1972)
எக்கோஸ் (பிங்க் ஃப்ளாய்ட், 1971)
மணி (பிங்க் ஃப்ளாய்ட், 1973)
ஸ்டார்லெஸ் (கிங் கிரிம்சன், 1974)
டார்கஸ் (எமர்சன், லேக் அண்ட் பாமர், 1971)
நாட்ஸ் (ஜென்டில் ஜயன்ட், 1972)
லா வில்லா ஸ்ட்ராஞ்சியாட்டோ (ரஷ், 1978)
ஒய்ஒய்ஸெட் (ரஷ், 1981)
ஸ்கிசம் (டூல், 2001)

10-க்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டு முதல் சுற்று முடிந்தது. ஒன்பது பாட்டு 8-க்கும் 9-க்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. நாட்ஸ் மட்டும் 5.5. இந்தப் பட்டியலை வைத்து எதுவும் பேச முடியாது.

மூன்று சந்தேகம். நீளமான பாட்டுக்குத் தனி அளவுகோல் வேண்டுமா? தாளச் சிக்கலுக்குத் தனி மார்க் உண்டா? ஆளுக்கொரு பதிப்பைக் கேட்டு மார்க் போட்டிருந்தால் அதை எப்படிச் சரிக்கட்டுவது? "ரசனை அவரவர் விருப்பம்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

---

மெலோட்ரான்35:

நெருக்கியடிக்கத்தான் செய்யும். பத்துமே ஏற்கெனவே சலித்தெடுத்த பாட்டு, யாரும் 4 போடப் போவதில்லை. அதனால் மார்க்கை முதலில் கேட்காதீர்கள். பத்தையும் 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள், சமநிலை கூடாது. வரிசை வந்த பிறகு மார்க். ஒருவர் ஒரே ஒரு 10 தான் போடலாம் என்று கட்டிவிடுங்கள். 5 என்றால் என்ன என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள்: "தானாக வந்தால் கேட்பேன், தேடிப் போய்ப் போட மாட்டேன்." இந்த ஒரு வரி இல்லாததால்தான் ஒருவரின் 7 இன்னொருவரின் 9 ஆகிவிடுகிறது.

கூட்டிச் சராசரி எடுப்பதைவிட நடு மதிப்பு நல்லது. 9, 9, 8, 9, 2 என்று ஐந்து மார்க் வந்தால் சராசரி 7.4, நடு மதிப்பு 9. அந்த 2 போட்டவர் ஒருவருக்காகப் பாட்டு கீழே இறங்கக் கூடாது. உங்களிடம் 12 பேர் என்பதால் மார்க்குகளை வரிசையாக அடுக்கி, ஆறாவதையும் ஏழாவதையும் கூட்டி இரண்டால் வகுத்தால் போதும். ஆனால் அந்த 2-ஐத் தூக்கியும் எறியாதீர்கள். நாட்ஸ் மாதிரிப் பாட்டுக்கு மார்க் 2, 3 என்று ஒரு பக்கமும் 9, 10 என்று மறுபக்கமும் பிளந்து நின்றால் அந்தப் பிளவே செய்தி. நடு மதிப்பின் பக்கத்தில் மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் போட்டுவிடுங்கள்.

அடுத்து நீளம். நீளத்துக்குத் தனி அளவுகோல் வேண்டாம், கூடுதல் மார்க்கும் வேண்டாம். 70-களில் பல காவியப் பாட்டுகள் 18 முதல் 23 நிமிடத்துக்குள் நிற்பதற்குப் பெரிய காரணம் எல்பி தட்டின் ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலி அளவும் பேஸும் குறையும். ஆக, 20 நிமிடம் என்பதில் தட்டு போட்ட கணக்கும் இருக்கிறது. அதற்கு நாம் ஏன் மார்க் தர வேண்டும்?

நீளமான பாட்டுக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் மீதி தள்ளாடுமா? குளோஸ் டு தி எட்ஜில் நான்கு பகுதி. மூன்றாவது பகுதியின் மெதுவான குரல்களை எடுத்துவிட்டுப் பாருங்கள். அதற்குப் பின் வரும் தேவாலயக் குழாய் ஆர்கனுக்கு வேலையே இல்லாமல் போகும். அந்த ஆர்கனை யெஸ் குழுவின் கீபோர்டுக் கலைஞர் ரிக் வேக்மன் வாசித்தது லண்டனில் உள்ள செயின்ட் கைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தில். முதல் பகுதியில் பரபரப்பாகக் கேட்ட மெட்டு கடைசியில் விரிந்து நிதானமாகத் திரும்பும்போது அது வேறு மெட்டு மாதிரி ஒலிக்கிறது. நடுவில் நடந்தது அவ்வளவும் அதற்காகத்தான். சப்பர்ஸ் ரெடியில் ஏழு பகுதி. வில்லோ ஃபார்ம் பகுதியின் கோமாளித்தனம் அநாவசியம் என்று பலர் சொல்வதுண்டு. அதை எடுத்துவிட்டால் அடுத்து வரும் ஒன்பது எண்ணிக்கைப் (9/8) பகுதியின் பயங்கரம் பாதியாகிவிடும். முதல் பகுதிகளின் மெட்டுகள் இறுதியில் திரும்பி வருவதும் இங்கே உண்டு.

இதே சோதனையில் டார்கஸ் திணறுகிறது. முதல் பகுதியின் ஐந்து எண்ணிக்கை ஓட்டம் அபாரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏழு பகுதிகளில் கடைசியான அக்வாடார்கஸின் மூக் சிந்தசைசர் அணிவகுப்பைப் பாதியாக வெட்டினாலும் யாருக்கும் தெரியாது. கடைசியில் முதல் மெட்டு திரும்புவது கட்டி முடித்த வீட்டுக்கு மேலே வைத்த கலசம் மாதிரி. அழகு, ஆனால் அதைத் தாங்க வீடு வேண்டும்.

என் மார்க்: குளோஸ் டு தி எட்ஜ் 10, சப்பர்ஸ் ரெடி 9, டார்கஸ் 7.

இன்னொன்று. தலைப்பு பிரித்து மார்க் போட்டால் வரிகளுக்கென்று ஒதுக்கியது வாத்திய இசைப் பாட்டுகளை அடித்துவிடும். லா வில்லாவிலும் ஒய்ஒய்ஸெட்டிலும் பாடல் வரியே இல்லை. அங்கே பூஜ்யம் போடாமல் அந்தத் தலைப்பையே விட்டுவிட்டு மீதிக்கு வகுக்க வேண்டும்.

---

தகதகிட:

தாளத்துக்குத் தனி மார்க் வேணாம்ங்க. குடுத்தா டிரீம் தியேட்டர் குழுவோட டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி (1999) மாதிரி நிமிஷத்துக்குப் பத்துத் தடவைக்கு மேல தாளம் மாறுற பாட்டுதான் எப்பவும் முதல்ல வரும். கஷ்டம் வேற, நல்லா இருக்கிறது வேற. தாளம் பாட்டுக்கு என்ன செய்யுதுன்னு பாத்து, அதை அமைப்புங்கிற தலைப்புலயே சேத்துடுங்க.

ஆனா எண்ணத் தெரியாம மார்க் போடக் கூடாது. மணி ஏழு எண்ணிக்கை. எட்டுன்னு நெனச்சுக் கால் தட்டினா ரெண்டாவது சுத்துலயே தடுக்கும். தகிட தகதிமின்னு சொல்லிக்கிட்டே கேளுங்க, உக்காந்துரும். சாக்ஸஃபோன் தனி வரைக்கும் ஏழு, கிட்டார் தனி ஆரம்பிக்கும்போது நாலுக்கு மாறும், கடைசிச் சரணத்துக்கு மறுபடி ஏழு. அந்த நாலுக்கு வரும்போது ஒரு கட்டு அவிழ்ந்த மாதிரி இருக்கும் பாருங்க, அதுக்குத்தான் மார்க். ஏழுங்கிறதுக்கு இல்ல.

ஒய்ஒய்ஸெட் முகப்பு இன்னும் சுவாரசியம். அது டொரன்டோ பியர்சன் விமான நிலையத்தோட குறியீடு, மோர்ஸ் தந்திக் குறியீட்டுல வாசிக்கிறாங்க. ஒய்னா கோடு-புள்ளி-கோடு-கோடு. ஸெட்னா கோடு-கோடு-புள்ளி-புள்ளி. கோட்டுக்கு 2, புள்ளிக்கு 1 வெச்சா 7 + 7 + 6 = 20. நாலு நாலாப் பிரிச்சா அஞ்சு. 5/4-ஐ (அஞ்சு எண்ணிக்கைத் தாளம்) யாரும் உக்காந்து தேடல, குறியீட்டை வாசிச்சா அதுவே வந்து நிக்குது. ஸ்கிசத்தோட முக்கிய பேஸ் மெட்டு 5 + 7: தகதகிட, அப்புறம் தகிட தகதிமி. ரெண்டையும் சேத்து 12-ன்னு எண்ணினா நொண்டுறது காதுல விழாது. அந்த நொண்டல்தான் பாட்டே.

ஸ்டார்லெஸ்ல நடுப்பகுதி 13 எண்ணிக்கை. அதுல கிங் கிரிம்சனோட ராபர்ட் ஃப்ரிப் கிட்டார் ஏறக்குறைய ஒரே சுரத்தை அடிச்சுக்கிட்டே மெதுவா மேல ஏறும். "ஒரே சுரத்துக்கு என்ன வாசிப்பு மார்க்?"னு கேக்குறவங்க இருக்காங்க. கீழ டிரம்ஸ் கொஞ்சம் கொஞ்சமா அடர்த்தியாகுறதைக் கவனிங்க. 13-ங்கிறதால மூச்சு விட வேண்டிய இடம் ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போகும். அதுக்கப்புறம் முதல்ல வந்த மெட்டு திரும்பும்போது... சரி, 10. என்னோட ஒரே 10.

நாட்ஸுக்கு 5.5-ங்கிறது கேட்ட விதத்துல வந்த கோளாறு. அதுல தாளத்தைத் தேடாதீங்க, நாலு குரலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் போற பாட்டு அது. முதல் தடவை ஒரு குரலை மட்டும் புடிச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் போங்க. அடுத்த தடவை இன்னொண்ணு. நாலு நிமிஷப் பாட்டுதானே.

---

ஊசிமுனை:

பதிப்பு விஷயம். இதைச் சரிசெய்யாமல் "ஒலி" என்ற தலைப்பில் மார்க் கேட்பதே வீண்.

ரீமாஸ்டர் என்றால் முடிந்த கலவையை (மிக்ஸ்) மறுபடி மெருகேற்றியது. ரீமிக்ஸ் என்றால் தனித்தனிப் பதிவுகளை எடுத்துப் புதிதாகக் கலந்தது. கிங் கிரிம்சன் ஆல்பங்களை 2009 முதலும் குளோஸ் டு தி எட்ஜை 2013-இலும் ஸ்டீவன் வில்சன் ரீமிக்ஸ் செய்தார். இரண்டையும் ஒரே பாட்டாக எண்ணி மார்க்கைக் கூட்டாதீர்கள். முதலில் வந்த கலவையை எல்லாரும் கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள், ரீமிக்ஸுக்கு வேண்டுமானால் தனிப் பத்தி.

சத்தமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடினாலே "இது தெளிவாக இருக்கிறது" என்று காது ஏமாறும். பிளேயரில் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியைப் போடுங்கள், ஒரு பாட்டு மங்கி அடுத்தது எழும் வசதியை அணைத்துவிடுங்கள். அது காவியப் பாட்டின் முடிவைத் தின்றுவிடும்.

சுருக்கிய பதிப்பில் ஏமாறாதீர்கள். மணி ஒற்றைத்தட்டுக்காக (சிங்கிள்) வெட்டப்பட்டது. குளோஸ் டு தி எட்ஜின் இரண்டாம் பகுதியும் ஓர் ஒற்றைத்தட்டின் மறுபக்கத்தில் தனியாக வந்தது. நேரத்தைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். எக்கோஸ் 23 நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். 16 நிமிடச் சொச்சம் என்றால் அது தொகுப்புத் தட்டுக்காக வெட்டியது. மேடைப் பதிவும் கலக்கக் கூடாது: 1977-இல் வந்த செகண்ட்ஸ் அவுட்டில் சப்பர்ஸ் ரெடியைப் பாடுவது ஃபில் காலின்ஸ், முதலில் பாடிய பீட்டர் கேப்ரியல் அல்ல.

ஸ்டார்லெஸ் ஆரம்பத்தில் தந்திகளின் சுருதி லேசாக ஆடுவதைப் பதிவுக் குறை என்று மார்க் வெட்டாதீர்கள். அது மெலோட்ரான், நாடாவில் பதிந்த ஒலியை வாசிக்கும் கீபோர்டு. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாடா, சுமார் 8 நொடி ஓடும், விரலை எடுத்தால் பழைய இடத்துக்குத் திரும்பும். அதற்கு மேல் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்க முடியாது. மெட்டு அந்தக் கட்டுக்குள் எழுதப்பட்டது.

---

ஏழரை:

வரிசை முதலில், நடு மதிப்பு, முதல் கலவை மட்டும். அடுத்த சுற்றுக்கு இப்படிப் போடுகிறேன்: மெட்டு 3, அமைப்பு 4, வாசிப்பு 2, ஒலி 1. வரிகளுக்குத் தனியாக இல்லை, அதனால் வாத்தியப் பாட்டுச் சிக்கலும் இல்லை. எக்கோஸ் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? வெட்டும் சோதனையில் அதன் நடுப்பகுதி தேறுமா?

---

மெலோட்ரான்35:

தேறாது. சுமார் 11-ஆவது நிமிடத்திலிருந்து நாலு நிமிடம் காற்றும் அலறலும்தான். பாதி போதும். 8.

---

ஊசிமுனை:

அந்த அலறல், பிங்க் ஃப்ளாய்டின் கிட்டார் கலைஞர் கில்மர் தன் வா-வா பெடலின் (கிட்டார் ஒலியை மாற்றும் மிதிகருவி) இரு முனைகளையும் மாற்றிச் சொருகியதால் வருவது. அதை இரண்டு நிமிடமாகச் சுருக்கினால், லெஸ்லி எனும் சுழல் ஒலிபெருக்கி வழியாக வரும் அந்த ஒற்றைப் பியானோச் சொட்டு மறுபடி கேட்கும்போது எங்கிருந்தோ திரும்பி வந்த உணர்வு வராது. முதல் நொடியில் கேட்ட அதே சொட்டு. இடையில் தொலைந்து போக நேரம் வேண்டும். உங்கள் சோதனைப்படியே 9.

---

தகதகிட:

சொட்டு 10, அலறல் 6. கூட்டி வகுத்துக்குங்க.