பட்டா நம்முடையது, மரத்துக்கு அனுமதி வேண்டும்: நீலகிரி அனுபவம்

நீலகிரியில் எங்கள் வீடு மலைச்சரிவில் இருக்கிறது. வீட்டுக்கு மேல்பக்கம், எங்கள் பட்டாவுக்குள்ளேயே, வரிசையாகக் கற்பூர மரங்கள், அதாவது யூகலிப்டஸ். அதில் ஒன்று மாமியார் படுக்கும் அறையை நோக்கிச் சாய்ந்திருந்தது. சாய்வு பழையதுதான். ஆனால் போன மழைக்குப் பிறகு மரத்தின் மேல்பக்கத்து மண்ணில், விரல் போகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் விட்டால் வேர் தூக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் மண் சரிந்து எத்தனை குடும்பம் போயிற்று என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த வெடிப்பைப் பார்த்த பிறகு யாருக்கும் தூக்கம் இல்லை.

நம் நிலத்து மரத்தை வெட்ட யாரைக் கேட்கணும் என்று கீழிருந்து வந்து வீடு வாங்குபவர்கள் நினைக்கிறார்கள். மலையில் அப்படி இல்லை. தமிழ்நாடு மலைப் பகுதிகள் மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது. அறிவிக்கப்பட்ட மலைப் பகுதியில் குழுவின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் மரத்தை வெட்டவோ பிடுங்கவோ எரிக்கவோ கூடாது. பட்டா யார் பெயரில் இருந்தாலும் இதுதான். கலெக்டர் தலைமையில் குழு கூடும், வனத்துறையும் வருவாய்த்துறையும் நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுக்கும். இந்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இது இல்லாவிட்டால் ‘ஆபத்து’ என்று சொல்லியே பாதி மலையை மொட்டையாக்கி, காட்டேஜ் கட்டியிருப்பார்கள்.

அதனால்தான் அதிகாரிகள் நம்மைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். நாம் உண்மையிலேயே பயந்து போய் நிற்கிறோம் என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டியது நம் வேலை. பட்டா, சிட்டா, புல வரைபடம் எல்லோரும் வைப்பார்கள். நாங்கள் கூடவே மரங்களுக்கு வரிசை எண் போட்டு, வீடு எங்கே, மரம் எங்கே, இடையில் எத்தனை அடி என்று கையால் ஒரு படம் வரைந்து இணைத்தோம். மண் வெடிப்பில் டேப் வைத்து எடுத்த போட்டோ, அடிமரத்தில் வளர்ந்திருந்த பூஞ்சைக் காளானின் போட்டோ, மரம் விழுந்தால் எந்த அறை மேல் விழும், அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒரு பத்தி. ‘வீட்டுக்கு ஆபத்தாக உள்ளது’ என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்தால் அந்த மனு எங்கேயோ அடியில் போய்விடும்.

பார்வையிட வந்த ஃபாரஸ்டர் அடிமரத்தைக் கத்தியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் சத்தம் வேறு மாதிரி வந்தது, உள்ளே பொந்து. மார்பு உயரத்தில் சுற்றளவு அளந்து குறித்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: “எல்லாத்தையும் எடுக்கணும்னு எழுதாதீங்கம்மா. எது விழும்னு நீங்களே பிரிச்சுக் காட்டுங்க. மேல கேட்டா நான் பதில் சொல்லணும்ல.” அவர் சொன்னபடி மனுவைத் திருத்தினோம். சாய்ந்ததும் பொந்து விழுந்ததும் வெட்ட, மற்றவற்றில் வீட்டுப் பக்கத்துக் கொப்புகளைக் கழிக்க. அதற்குப் பிறகுதான் வேலை நகர்ந்தது. இந்த விஷயத்தில் யாராவது யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

காத்திருந்த நாட்கள் கொடுமை. மாமியாரை முன்னறைக்கு மாற்றினோம். காற்றோடு மழை வந்தால் யாரும் அந்தப் பக்கமே போக மாட்டோம். அனுமதி கையில் இல்லை என்பதற்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள். மரம் நகர ஆரம்பித்துவிட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு, 1077-க்கு உடனே கூப்பிடுங்கள்.

உத்தரவில் சோலை மரக் கன்றுகள், அதாவது இந்த மலைக்காட்டுக்கே உரிய மரங்களின் கன்றுகள், நட வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. நட்டிருக்கிறோம். வெட்டின கட்டையை வெளியே கொண்டு போக வேறு அனுமதி வேண்டுமா என்பதை ஆள் கூப்பிடுவதற்கு முன்பே வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். மின்கம்பி பக்கத்தில் போனால் லைன்மேன் வந்து கரண்டை நிறுத்தாமல் ஒரு கொப்பைக்கூடத் தொடவிடாதீர்கள்.

* * *

சென்னை புறநகரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குத் தொல்லை பக்கத்து மனையின் தென்னை. எங்கள் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்ந்து நின்றது. மனைக்காரர் வெளிநாட்டில், போன் எடுப்பதில்லை. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று எங்கள் தெருவில் மரங்கள் விழுந்ததைப் பார்த்ததால் சும்மா இருக்க முடியவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவர்தான் வழி சொன்னார். விழுந்து ஆட்களைக் காயப்படுத்தும் நிலையில் உள்ள மரத்தை அகற்றும்படி அதன் சொந்தக்காரருக்கு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. மனுவில் பிரிவைக் குறிப்பிட்டோம். நோட்டீஸ் போனதும் மனைக்காரரின் தம்பி தானே ஆளோடு வந்து மரத்தை இறக்கிக் கொடுத்தார். அண்டை வீட்டுக்காரரோடு சண்டை போடுவதற்கு முன்னால் இந்த வழியைப் பாருங்கள்.

* * *

நாங்கள் டொரோண்டோவில், ஸ்காபரோ பக்கம். இங்கேயும் பின்வளவு மரத்தை நினைத்தபடி தறிக்க ஏலாது. நிலத்திலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் விட்டம் 30 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் மாநகரசபையின் அனுமதி வேண்டும். எங்களுடையது ஆஷ் மரம், துளைப்பான் வண்டு அரித்து முழுதாகப் பட்டுவிட்டது. பட்ட மரத்துக்கும் உடனடி ஆபத்தான மரத்துக்கும் விலக்கு உண்டு. ஆனால் அது பட்டதுதான் என்று மாநகரசபை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். மர வல்லுநரின் அறிக்கையும் படங்களும் அனுப்பினோம். தாமதிக்க வேண்டாம், பட்ட ஆஷ் சீக்கிரம் காய்ந்து, லேசாக முறியும் நிலைக்கு வந்துவிடும். எங்களுடையதில் ஏற ஆள் மறுத்து, கடைசியில் தூக்கி வண்டி கொண்டுவரச் செலவு கூடிவிட்டது.

* * *

முதலில் எழுதியவள்தான். வேரையும் தோண்டி எடுத்துவிடலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். சரிவு நிலத்தில் வேண்டாம். மண்ணைப் பிடித்து நிறுத்துவது அந்த வேர்தான். அடிக்கட்டையை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் கன்றுகளை நடுங்கள். கற்பூரம் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், அதைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் கட்டையில் இப்போதே துளிர் வந்துவிட்டது.