பி.யூ. டப்பாவும் தின்னரும் லாரியில்: எப்படி அனுப்புவது?

தச்சுப்பட்டறை, காரைக்குடி:
மூணாறில் ஒரு வீட்டுக் கதவு வேலை. பி.யூ. கிளியர் (மரத்துக்குப் பூசும் பாலியூரித்தேன் பூச்சு), அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னர், 20 லிட்டர் தின்னர் கேன் இரண்டு அனுப்ப வேண்டும். போன தடவை பார்சல் லாரியில் போட்டதில் மூன்று ஹார்ட்னர் டப்பா உப்பிப்போய், உள்ளே ஜெல்லி மாதிரி ஆகிவிட்டது. தின்னர் கசிந்து பக்கத்துத் துணி மூட்டையெல்லாம் வாடை. புக்கிங்கில் 'ஹார்ட்வேர்' என்று எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன். வேறு வழி உண்டா?

பெயிண்ட் கடை, மதுரை:
முதலில் அந்த 'ஹார்ட்வேர்' வேண்டாம் தம்பி. தின்னர் தீப்பிடித்தால் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டே எரியும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத டிரைவர் தண்ணீரைத்தான் ஊற்றுவார். பில்லில் 'பெயிண்ட், யூ.என். 1263, வகுப்பு 3' என்று (முதலாவது ஆபத்தான சரக்குக்கான ஐ.நா. எண், வகுப்பு 3 என்றால் தீப்பற்றும் திரவம்) எழுதி, டப்பாவில் சிவப்புத் தீ லேபிள் ஒட்டுங்கள். டிரைவர் கையில் டிரெம் கார்டு, அதாவது விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று எழுதிய அட்டை, இருக்க வேண்டும். விவரம் எழுதிக் கொடுப்பது அனுப்புகிறவர் பொறுப்பு என்று 1989 மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது.

அப்புறம் ஹார்ட்னர். அதில் இருக்கும் ஐசோசயனேட்டில் ஈரம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு வரும், டப்பா உப்பும். அந்த மூன்றும் ஏற்கெனவே திறந்தவையா?

லாரி டிரைவர், போடி:
போடிமெட்டு ஏறும்போது 17 கொண்டை ஊசி வளைவு. கேன் படுத்தால் மூடி தாங்காது. நிமிர்த்தி வைத்து, இடுக்கில் சாக்கைத் திணித்துக் கயிறு போடுங்கள். ஆம்னி பஸ் டிக்கியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மேலே குழந்தை குட்டியோடு ஆட்கள் தூங்கிக்கொண்டு வருகிறார்கள்.

தச்சுப்பட்டறை, காரைக்குடி:
ஆமாம் அண்ணா, மூன்றுமே பட்டறையில் பாதி எடுத்தவை. மூடியைச் சுத்தியலால் தட்டி அனுப்பினேன். தின்னரை மூணாறிலேயே வாங்கிக்கொள்ளலாமா?

பெயிண்ட் கடை, மதுரை:
வாங்கலாம், ஆனால் பி.யூ. தின்னர்தானா என்று பார்த்து வாங்குங்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பூச்சுக்கான தின்னரில் ஆல்கஹால் கலந்திருக்கும், அது ஹார்ட்னரைத் தின்றுவிடும், பூச்சு சரியாக இறுகாது. ஹார்ட்னர் சீல் உடையாததாக மட்டும் அனுப்புங்கள். மிச்சமிருக்கும் உப்பின டப்பாவை அழுத்தி மூடாதீர்கள், வெடிக்கும். காற்றோட்டமான இடத்தில் மூடியைத் தளர்த்தி, தனியாக வையுங்கள். அந்தத் துணி வியாபாரியிடமும் என்ன கசிந்தது என்று சொல்லிவிடுங்கள். மூட்டையை அடுப்பு பக்கம் வைத்துவிடப் போகிறார்.